கூரை முதலில் குளிரட்டும், பேனல் பிறகு ஏறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சோலார் பேனல் ஏறிவிட்டால் ஊர் பசுமையாகிவிடும் என்ற எண்ணம் ஊராட்சி மன்றங்கள் வரை பரவிவிட்டது. 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 என மானியம் கிடைக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம், அதற்கு 1 கோடி ரூபாய் என்பதும் அதே திட்டத்தின் ஒரு பகுதி. நல்லதுதான். ஆனால், எந்த மாதிரிக் கூரையின் மேல் ஏற்றுகிறோம், ஏற்றியதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற இரண்டையும் யோசிக்காமலேயே வேலை நடக்கிறது. இதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒரு சின்ன வீட்டின் கணக்கைப் பார்ப்போம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி, அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைத் தளம். அந்த வீட்டில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று 5 மணி நேரம் எரிகின்றன, 75 வாட் மின்விசிறி 12 மணி நேரம் சுற்றுகிறது, கொஞ்ச நேரம் தொலைக்காட்சி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1.3 யூனிட், இரண்டு மாதத்துக்கு சுமார் 80 யூனிட் ஆகும். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆகவே அந்தக் குடும்பம் மின்கட்டணமே கட்டுவதில்லை. 1 கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் வீதம் தரும். அவர்களுக்கு அதனால் கையில் மிச்சமாவது ஒன்றுமில்லை.

அந்த வீட்டை 100 யூனிட்டுக்கு மேல் தள்ளுவது வெக்கைதான். சித்திரை வெயிலில் மேல்பூச்சு இல்லாத வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்கும். 5 அங்குலத் தளத்தின் வழியாக அந்தச் சூடு கீழே இறங்கி வர நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் உச்சிவெயிலில் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கும் வீடு, பொழுது சாய்ந்து எல்லோரும் படுக்கிற நேரத்தில் அடுப்பாகிறது. இரண்டாவது விசிறி வருகிறது, பிறகு ஏர்கூலர் வருகிறது. பேனலுக்கும் இந்தச் சூடு ஆகாது. 25 டிகிரியில் அளந்து முத்திரையிட்ட திறன், ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். பேனலுக்குள் மின்சாரம் தரும் செல் 60 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் போயிற்று. கொதிக்கிற தளத்தை ஒட்டினாற்போல் பேனலைப் படுக்கவைத்தால் நடப்பது இதுதான்.

இதற்கான மருந்து நம் ஊர்க் கட்டுமானத்திலேயே இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய மரச்சட்ட-செங்கல் கூரையைக் கட்டிய கைகள் மொட்டைமாடிக்குப் போட்ட சுண்ணாம்பு-செங்கல் ஜல்லித் தளம் இன்றும் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் உண்டு: 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு நீற்றிய சுண்ணாம்பு. மணல் கிடையாது, சிமென்ட் கிடையாது. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் இந்த வேலைதான். மேஸ்திரிகள் பலருக்குச் செய்முறை மறந்துவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜல்லி 20 மில்லிமீட்டர் அளவு, நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்ததாக இருக்க வேண்டும். உருகிக் கறுத்துப்போன கல்லில் சுண்ணாம்பு பிடிக்காது, வேகாத கல் மாவாகிவிடும். தூசியைச் சலித்து எடுத்துவிட்டு ஜல்லியை முதல் நாளே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கலவை பொரபொரத்துப் போகும். சுண்ணாம்பைக் கட்டியாக வாங்கி, வேலையிடத்திலேயே நீற்றிச் சலிப்பது நல்லது. மூட்டையில் நாள்பட்டுக் கிடந்த தூள் பாதி செத்த சரக்கு. கலந்ததைச் சராசரி 3 அங்குலத் தடிமனில் பரப்பி, தண்ணீர் ஓடும் பக்கமாக 10 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம் கொடுக்க வேண்டும்.

அப்புறம் தட்டும் வேலை. இதில்தான் தளத்தின் உயிர் இருக்கிறது. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே வர வேண்டும். இரும்பு கூடாது, ஜல்லி உடைந்துவிடும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை மேலே தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். முதல் நாள் கட்டை பதிகிற இடமெல்லாம் குழி விழும், சத்தம் மொத்தையாகக் கேட்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் பால் போன்ற சுண்ணாம்பு மேலே கசியும், கட்டை துள்ளும், சத்தம் கணீரென்று மாறும். அந்தச் சத்தம் வருமுன் நிறுத்திய தளம் இரண்டு மழைக்காலம் தாங்காது. பிறகு வைக்கோல் பரப்பி ஒரு வாரம், பத்து நாள் ஈரம் காக்க வேண்டும். மேலே தட்டோடு பதிப்பது 1:3 சிமென்ட் கலவையில், நீர்க்காப்பு மருந்து சேர்த்து. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சதுரமாக விடாமல் உருட்டிப் பூச வேண்டும். ஒழுக்கு எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

அவசரத்துக்கு ஜல்லியில் ஒரு சட்டி சிமென்டைச் சேர்க்கும் பழக்கம் பெருகியிருக்கிறது. அன்றே இறுகிவிடும் என்பதால் தட்டவே முடியாது. வெயிலில் விரிந்து சுருங்கும்போது கீறல் விடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்கவே கூடாது. மாசி, பங்குனி ஏற்ற காலம். இன்னொன்று, இந்த 3 அங்குலத் தளத்தின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. கம்பி கட்டுமுன் பொறியாளரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். கட்டி முடித்த பழைய தளத்தின் மேல் கேட்காமல் கொட்டக் கூடாது. எடை தாங்காத பழைய தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதே போதும், வருடா வருடம் கோடைக்கு முன் ஒருமுறை அடித்தால் நல்ல பலன் தரும்.

சுவருக்கு வருவோம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு, செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் குத்தாக நிறுத்திக் கட்டுவது. 230 மில்லிமீட்டர் நீளக் கல்லில் இரு பக்கமும் 75, 75 போக நடுவில் 80 மில்லிமீட்டர் காற்றறை கிடைக்கும். சுவரின் பருமன் அதே 9 அங்குலம், செங்கல்லும் கலவையும் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம். மேற்குச் சுவரில் விழும் மாலை வெயிலை அந்தக் காற்றறை தடுத்துவிடும். கெட்டுப்போவது எங்கே என்றால், கொத்தனார் பழக்கதோஷத்தில் கலவையை அள்ளி அறைக்குள் நிரப்பிவிடுவதில். அறைமேல் ஒரு பலகையை வைத்துக்கொண்டு கலவை போட்டால் உள்ளே விழாது. அடி வரிசை, ஜன்னல் அடி, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரம்) அடி, மூலைகள் இவையெல்லாம் கெட்டியாகக் கட்டப்பட வேண்டும். நாட்டுச் செங்கல் அளவு ஒன்றுபோல் இருக்காது என்பதால், கல்லை முதலில் அளவு பார்த்துப் பொறுக்குவது தவிர்க்க முடியாத வேலை. ஒயரிங் குழாய்களையும் கட்டும்போதே அறைக்குள் இறக்கிவிட வேண்டும். பிறகு சுவரைக் கொத்தினால் கல் உடைந்து அறை திறந்துகொள்ளும்.

மண் கல்லைப் பற்றி ஆரோவில்லின் மண் கட்டுமான நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற விகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்ணில் 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, 28 நாள் ஈரம் காத்தால் சூளைக்கு விறகே தேவையில்லாத கல் கிடைக்கும். மேல்மண் ஆகாது, வேரும் மக்கும் கலந்திருக்கும். கரிசலுக்கு சிமென்ட் சரிப்படாது, சுண்ணாம்புதான் பேசும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி ஒரு நாள் தெளியவிட்டால் அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி எனப் படலம் படலமாகப் படிந்து ஏறக்குறைய விகிதத்தைக் காட்டிவிடும். அளவு பார்க்காமல் ஏரி வண்டலை மட்டும் அள்ளி அழுத்தினால் காயும்போதே வெடிக்கும்.

இனி பேனல். தளம் வார்க்கும் நாளிலேயே பேனல் சட்டத்துக்கான கான்கிரீட் குட்டைத் தூண்களையும், அதற்குள் துத்தநாகம் பூசிய போல்ட்டுகளையும், கேபிள் இறங்க ஒரு பிவிசி குழாயையும் வைத்துவிட வேண்டும். பேனல் இன்றைக்கு வாங்காவிட்டாலும் பரவாயில்லை. வார்த்து முடித்த தளத்தில் பிறகு துளை போட்டால் சுண்ணாம்புத் தளம் உடையும், அந்தத் துளைவழியே தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். இப்போது ஊர்ப்புறத்தில் பேனல் வீடுகள் ஒழுகுவதற்குக் காரணம் இது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது. தளத்துக்கும் பேனலுக்கும் இடையில் ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். காற்று ஓடிப் பேனல் ஆறும், நிழலில் தளமும் ஆறும். அதற்கென ஆளுயரக் கால்களில் தூக்கி நிறுத்தினால் புயல் காற்று அடியில் புகுந்து கிளப்பிவிடும். 2018 நவம்பரில் கஜா எங்கே எப்படி வீசியது என்று டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடலோர மாவட்டங்களில் உயரத்தைக் குறைத்து, ஒவ்வொரு காலையும் தூணோடு இறுக்குவது கட்டாயம். எடைக்குச் சிமென்ட் கல்லை அடுக்கி வைப்பது போதாது.

நம் அட்சரேகைக்கு 10 முதல் 13 டிகிரி சாய்வில் தெற்கு பார்த்து வைப்பது சரி. 10 டிகிரிக்குக் கீழே போனால் மழை தூசியைக் கழுவாது, அடிச்சட்ட ஓரத்தில் சேறு தங்கிக் கீழ்வரிசைச் செல்களை மறைக்கும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரே பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் சோர்ந்துபோகும். வடக்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்தால் நிழல் விழாது என்று நம்புகிறார்கள். சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி வரை சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது, காலையிலும் மாலையிலும் அந்தத் தொட்டி நிழல் பேனலில்தான் விழும். கழுவுவது விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது. போர்வெல் உப்புத்தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் படலம் கண்ணாடியில் படிந்துவிடும், பிறகு சுரண்டி எடுக்க முடியாது. சேமித்த மழைநீர் இருந்தால் அதுவே மேல்.

மேலே சொன்னபடி சின்ன வீட்டுக்குப் பேனல் அவசரமில்லை என்றால் அதை எங்கே வைப்பது? ஊராட்சி மாதா மாதம் பணம் கட்டுகிற இடத்தில். குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும்தான் ஊராட்சியின் நிதியைக் கரைக்கும் இரண்டு கட்டணங்கள். 30,000 லிட்டர் தண்ணீரை 60 மீட்டர் ஆழத்திலிருந்து 12 மீட்டர் உயர மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற, மோட்டாரின் இழப்பையும் சேர்த்துச் சுமார் 15 யூனிட் வேண்டும். 5 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 20 யூனிட் தரும், இடம் 500 சதுர அடி பிடிக்கும். வெயில் இருக்கும்போது மோட்டார் ஓடட்டும், தொட்டி நிறையட்டும், இரவில் ஊர் குடிக்கட்டும். மேல்நிலைத் தொட்டியே பேட்டரி. அமிலம் ஊற்ற வேண்டாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டாம். நீர்மட்டம் எவ்வளவு, மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று அளக்காமல் ‘5 கிலோவாட்’ என்று பொத்தாம்பொதுவாக ஒப்பந்தம் விடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. பேனலின் திறன் மோட்டாரைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருந்தால்தான் மேகமூட்டமான காலையிலும் தண்ணீர் ஏறும்.

தெருவிளக்குக் கம்பம்தோறும் ஒரு பேனல், அதன் அடியில் ஒரு பேட்டரிப் பெட்டி என்ற ஏற்பாடு பார்க்க நன்றாக இருக்கும். வெயிலில் வெந்து பேட்டரி சீக்கிரமே சாகும், மிஞ்சினால் களவு போகும். 2011-ல் வந்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 5 சூரிய விளக்குகள் கொடுத்தார்கள். எண்ணம் உயர்ந்தது. வீட்டுக்கு வீடு தனித்தனி பேட்டரி என்பதுதான் அதன் பலவீனம். பேட்டரி செத்தால் புதிது வாங்கும் வசதி உள்ளவருக்கு அந்த வீடு தேவைப்பட்டிருக்காது.

ஊரே மின்சாரம் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை பதில். 2006-ல் அந்த ஊராட்சி சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. செலவு 1.55 கோடி ரூபாய், பெரும்பகுதி வங்கிக் கடன், மின்சார வருவாயிலேயே திருப்பிக் கட்டும் ஏற்பாடு. மானியத்துக்காக வாங்காமல், ஊராட்சி கட்டிக்கொண்டிருந்த மின்கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கியதுதான் அங்கே பாடம். ஆரோவில்லின் சூரியச் சமையல்கூடத்தில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் கூரையிலேயே அமர்ந்திருக்கிறது, நீராவியைக் கீழே சமையலுக்கு அனுப்புவதற்காக அமைக்கப்பட்டது. கட்டடமும் ஆற்றலும் ஒரே வரைபடத்தில் பிறந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது சாட்சி.

பராமரிப்பை மட்டும் யாரும் திட்ட மதிப்பீட்டில் எழுதுவதில்லை. பேனல் 25 ஆண்டு உழைக்கும், இன்வெர்ட்டர் 8 முதல் 10 ஆண்டு, ஈய-அமில பேட்டரி 4, 5 ஆண்டு. ஊராட்சி அலுவலகத்தில் கணினிக்காக 15,000 ரூபாய் விலையில் நான்கு பேட்டரி வைத்தால், ஐந்தாம் வருடம் 60,000 ரூபாய் வேண்டும். மாதம் 1,000 ரூபாயை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வந்தால் அது பெரிய தொகையில்லை. போடாவிட்டால் பேனல் வெறும் தகரமாக வெயில் காயும். பேட்டரியை முழுதாக இறக்கி அப்படியே நாட்கணக்கில் விட்டால் உள்ளே உப்புப் படிந்து மீளாது. அமில பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

மக்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மின்வாரியக் கம்பியோடு இணைந்த, பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர், மின்தடை வந்ததும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கான பாதுகாப்பு அது. இதைச் சொல்லாமல் பொருத்திவிட்டு, ‘வெயில் அடிக்குது, கரண்ட் இல்லையே, ஏமாத்திட்டாங்க’ என்று ஊர் பேசும்படி விடுவது தேவையா?

சுய உதவிக் குழுவில் இரண்டு பெண்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். தினமும் மாலை இன்வெர்ட்டரில் அன்றைய யூனிட்டைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நல்ல வெயில் நாட்களில் எண் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் தூசி, நிழல், அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். முதல் இரண்டை அவர்களே சரிசெய்யலாம். மூன்றாவதில் கை வைக்கக் கூடாது, பேனலிலிருந்து வரும் நேர்மின் (டி.சி.) கேபிள் இணைப்பைப் பகலில் பிரித்தால் தீப்பொறி பறக்கும், எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும். எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள் வேலை. காய்ந்த எர்த் இருந்தும் இல்லாததற்குச் சமம். இடிதாங்கியின் எர்த்தும் பேனல் சட்டத்தின் எர்த்தும் தனித்தனிக் குழியில் இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இருவருக்கும் சம்பளம் கொடுங்கள். இலவச உழைப்பை நம்பிய எந்தப் பராமரிப்பும் ஆறு மாதம் தாண்டியதில்லை. அந்த நோட்டும் கணக்கும் ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும், குடிநீர்க் கணக்கு வாசிப்பதைப் போலவே.

அரசிடம் கேட்பது அதிகமில்லை. வீடு கட்டும் திட்டங்களின் மாதிரி வரைபடத்தில் சுண்ணாம்பு-ஜல்லித் தளத்தை மதிப்பீட்டோடு சேர்க்க வேண்டும். எலிப்பொறிக் கட்டும் மண் கல்லும் பயனாளி கேட்டால் மறுக்காமல் அளவுப் புத்தகத்தில் (முடித்த வேலையை அளந்து, பணம் கொடுக்கப் பதியும் ஏட்டில்) ஏறும்படி ஒன்றியப் பொறியாளர்களுக்குத் தெளிவான உத்தரவு வேண்டும். இப்போது அவை அளவுப் புத்தகத்தில் இல்லாத வேலை என்பதால் கொத்தனாரும் பொறியாளரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சூரிய மின்சாரத்துக்கான ஒப்பந்தத்தில் 5 ஆண்டுப் பராமரிப்பையும், உள்ளூரிலேயே இருவருக்குப் பயிற்சியையும் சேர்த்து, அதற்கான தொகையில் ஒரு பகுதியை ஐந்தாம் ஆண்டு வரை நிறுத்தி வைக்க வேண்டும். வார்க்கப்படும் ஒவ்வொரு அரசுத் தளத்திலும், பள்ளியோ அங்கன்வாடியோ எதுவானாலும், நான்கு குட்டைத் தூண்களும் ஒரு 1 அங்குலக் குழாயும் இன்றே வைக்கப்பட வேண்டும். குழாயின் மேல்முனையைத் தளத்துக்கு மேல் ஓர் அடி உயர்த்தி, மழை புகாதபடி கீழ்நோக்கி வளைத்து, மூடி போட்டு விடுங்கள்.

இப்படிக்கு,
ஊரகக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர்